நீ பிடித்த திருட்டுக் காற்று

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், பாகலூர் சாலை சிக்னலில் எனக்கு முன்னால் நின்றிருந்த கார் இரண்டு முறை உதறிவிட்டு அணைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்தது. பச்சை விழுவதற்குள் மறுபடியும் உதறி அணைந்தது. பின்னால் கம்பெனி பஸ்களும் லாரிகளும் ஹாரனை அழுத்தி எடுத்தன.

நான் இறங்கிப் போய் அவள் ஜன்னலைத் தட்டினேன்.

"பிரேக்ல கால வச்சு நிக்கும்போதுதான் அணையுதா? பிரேக் கெட்டியா இருக்கா?"

"ஆமாங்க. மிதிக்கவே முடியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து கை கொடுக்க, வண்டியை ஓரமாகத் தள்ளினோம். இதை இப்படியே ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை இங்கேயே வரச் சொல், என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் பைப்பை முதலில் பார்க்கச் சொல் என்றேன். "நீங்க மெக்கானிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. என் ஃப்ரெண்டு மெக்கானிக்."

"அவங்க நம்பர் கெடைக்குமா?"

உன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. "அவ இப்ப இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு என் காருக்குத் திரும்பினேன். கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கத் தோன்றவில்லை. இன்றைக்கு முழுவதும் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்கள். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்தவள். நீ ஜெனரேட்டர் என்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் பகுதியில் இருந்தாய். நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்த பெண் நீ. உன் வகுப்பில் வேறு பெண்ணே இல்லை. படித்து முடித்ததும் ஓசூரில் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கியதை நீ சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். "எல்லாரும் நல்லவங்கதான்க்கா. டீ வாங்கிக் குடுத்தே அனுப்புனாங்க. வேலதான் யாரும் குடுக்கல." பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் போகும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே இதற்கு இன்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டு வருவாய். சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை. அதனால் உன்னை எல்லோரும் நம்பினோம்.

நாங்கள் ஒரு பழைய காரை வாங்கிய வருஷம்தான் எங்களுக்கும் இதே கோளாறு வந்தது. அத்திப்பள்ளியில் ஒருவரிடம் வாங்கிய கர்நாடகா பதிவு வண்டி. நெடுஞ்சாலையில் நன்றாகத்தான் ஓடியது. சிக்னலிலும் டோல்கேட்டிலும் நின்றால் போதும், உடம்பை உலுக்கிக்கொண்டு அணைந்துவிடும். தெரு முனை மெக்கானிக் பிளக் மாற்றினார். காற்று போகும் பாதையைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார். கடைசியில் பெட்ரோல் பம்ப் போயிருக்கும் என்றார். என் கணவருக்கு வெறுத்துவிட்டது. "பேசாம வித்துட்டு ஸ்கூட்டருக்கே போயிருவோம்" என்றார். நான் பஸ்ஸில் உன்னிடம் புலம்பினேன். நீ காதை என் பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து பாக்கறன்க்கா. பம்ப மட்டும் மாத்திடாதீங்க" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குப் போக வேண்டிய நாள் என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறைதான் நீ வீட்டுக்குப் போவாய். "மத்தியான பஸ்ஸப் புடிச்சிக்கறன்" என்று நீ சொன்னதை நான் சுலபமாக ஏற்றுக்கொண்டேன்.

காலையில் ஸ்கூட்டியில் வந்தாய். கூடப் படித்த பையனிடம் இரவல் வாங்கிய தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினாய். உன் போனில் எண்கள் ஓட ஆரம்பித்தன. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கவும் விடவும் சொன்னாய். நான் மிதிக்கும்போது ஒரு எண் இறங்கியது. விட்டதும் ஏறியது.

"பாருங்கக்கா. வண்டி சும்மா நிக்கறப்ப உள்ள காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. அதைச் சரிக்கட்ட இதோட கம்ப்யூட்டரு பெட்ரோல சேத்து சேத்து ஊத்துது. அப்பவும் பத்தல. அதான் மூச்சு முட்டி நின்னுடுது."

"அப்ப பம்புதானே?"

"பம்பு வீக்குன்னா வேகமா போறப்பதான் பெட்ரோல் பத்தாது. இது தலைகீழா இருக்குது. வேகமா ஓடுனா சரியாவுது. நின்னா கெடுது. எங்கியோ ஒரு ஓட்ட வழியா திருட்டுக் காத்து உள்ள போவுது. ஓடுறப்ப மொத்தக் காத்தே ஜாஸ்தி, அதுல இது தெரியாது. சும்மா நிக்கறப்ப உள்ள போறதே கொஞ்சம் காத்துதான். அதுல இதுவும் சேந்தா அவ்ளோதான்."

திருட்டுக் காற்று என்ற பேர் எனக்குப் பிடித்திருந்தது. நீ சோப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, என்ஜினில் காற்றுக் குழாய்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் பீய்ச்சினாய். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை நொடி நேரம் அடைக்கும், சத்தம் மாறும் என்றாய். சத்தம் மாறவேயில்லை. என்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் மேல்தான் உனக்குச் சந்தேகம். அங்கே பாட்டில் காலியாகும் வரை பீய்ச்சினாய். ஒன்றுமில்லை. முழங்கை வரைக்கும் கரியோடு பானெட்டுக்கு மேலே என்னைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டனோ?" என்றாய். உன் முகத்தில் சந்தேகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

நான் இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தேன். என்ஜின் சட்டென்று உதறியது.

"அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. கால் பிரேக்ல பட்டுச்சு."

"இன்னொரு தபா மிதிங்க."

மிதித்தேன். என் காலடியிலும் உன் கைப்பக்கமும் உஸ்ஸென்று ஒரு சீறல். என்ஜின் கிட்டத்தட்ட அணையப் போனது. நீ பானெட்டைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாய்.

"பிரேக்கு எப்பிடிக்கா இருக்குது?"

"கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும். பழைய வண்டில்ல. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சா நிக்கும்."

நீ கதவைத் திறந்து குனிந்து பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தாய். பிறகு, "இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றாய்.

"இல்ல. அது வேற, இது வேறன்னு நெனச்சேன்."

"சொல்லாத இருந்தா எப்பிடிக்கா தெரியும்?" என்றாய். கோபமாக இல்லை. பயந்துபோய்ச் சொன்னாய்.

நம் காலில் இருக்கும் பலம் போதாது என்று, என்ஜின் உறிஞ்சும் வேகத்தையே எடுத்து பிரேக்குக்குத் துணையாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிய வைத்தாய். அந்த உறிஞ்சலைக் கொண்டுபோகும் பெருவிரல் பருமனான ரப்பர் பைப், ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் புதுசு போல இருந்தது. பைப்பின் என்ஜின் பக்க முனையை ஒரு துணி சுற்றி இடுக்கியால் நெரித்தாய். அந்த நொடியே என்ஜின் அடங்கி, தையல் மிஷின் போல ஓட ஆரம்பித்தது. விட்டாய், உதறியது. நெரித்தாய், அடங்கியது. நீ சிரித்தாய். முன்பல்லில் கூட கரி இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சுல்ல. டேப் சுத்தி விட்டுட்டுக் கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"இது பிரேக்குக்குப் போற பைப்புக்கா. டேப் சுத்திக் குடுத்துட்டு நான் பஸ்ல நிம்மதியா உக்காருவனா?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓசூரில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு கடையில் வாங்கிவந்த பைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் அது உள்பக்கமாக ஒடுங்கித் தட்டையானது. தண்ணீர் போகும் பைப்பைக் கொடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே கழற்றி எடுத்து, வெயிலில் அத்திப்பள்ளி வரைக்கும் போய், உறிஞ்சினாலும் ஒடுங்காத பைப்பை வாங்கிவந்தாய். நான் அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியிருந்தேன். உனக்குச் சோறு போட்டபோது மாலை வெயில் வந்துவிட்டது. உன் பஸ் எப்போதோ போயிருந்தது. உன் அம்மாவுக்குப் போன் போட்டு கன்னடத்தில் ஏதோ சொன்னாய். மறுமுனையில் சத்தம் உயர்ந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண்ணடித்தாய்.

சாயங்காலம் மூவருமாக பஸ் ஸ்டாண்டு சிக்னல் வரைக்கும் ஓட்டிப் போனோம். சிவப்பு விழுந்தது. பிரேக் என் காலுக்கு வெண்ணெய் போல இறங்கியது. வண்டி அணையவில்லை. நீ பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். என் கணவர் திரும்பி, "உனக்கு என்னம்மா வேணும், சொல்லு" என்றார்.

"எதுவும் வேணாம்ண்ணா. ஒரு நாளு இந்த வண்டில எங்க ஊருக்குக் கூட்டிப் போங்க. அஞ்செட்டி தாண்டி மேடு ஏறணும். இது ஏறும். எங்கம்மா ஏறி உக்காரணும்."

"அடுத்த மாசம் போயிருவோம்" என்று நான்தான் சொன்னேன்.

அந்த வண்டி அதற்குப் பிறகு ஒருமுறை கூட வழியில் நின்றதில்லை. அருப்புக்கோட்டைக்குப் போனோம். திருவண்ணாமலைக்குப் போனோம். நாகரசம்பட்டியில் என் கணவரின் நண்பர் தோப்புக்கு இரண்டு மாம்பழக் காலத்திலும் போய் டிக்கி நிறையப் பழம் கொண்டுவந்தோம். கூடை கூடையாக உனக்கும் கொடுத்தேன். உன் ஊர் ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரம். அங்கே மட்டும் போகவில்லை. நீ இரண்டு மூன்று முறை ஞாபகப்படுத்தினாய். பிறகு நிறுத்திவிட்டாய். நீ நிறுத்தியதை நான் கவனிக்கக்கூட இல்லை.

ராகி அறுப்பு சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதான் நிக்குதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

"இந்த வாரம் வேணாம்மா. விசேஷம் இருக்கு. அடுத்த வாரம் கண்டிப்பாப் போவோம்."

"சரிக்கா. பரவால்ல."

அவ்வளவுதான் பேச்சு. உன் குரல் கம்மியிருந்ததா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கம்மியிருந்தது என்று ஒரு நாள் தோன்றும். நானாகக் கற்பனை செய்கிறேன் என்று இன்னொரு நாள் தோன்றும். இத்தனை நாள் கேட்காதவள் இப்போது ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். அதற்கு மூச்சு பிடித்து யோசிக்க வேண்டியதில்லை. புடவையின் மடிப்பு கலையாமலே கேட்டிருக்கலாம்.

உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று உன் அறைத்தோழி பிறகு சொன்னாள். மாத்திரை போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஷிஃப்டும் பார்த்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை தேன்கனிக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து அஞ்செட்டிக்கு ஒரு பஸ், பிறகு நாட்றாம்பாளையம். கடைசி பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாய் என்று உன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அதே நேரத்தில் நான் கிருஷ்ணகிரியில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நீ சரி செய்த வண்டி அந்த வீட்டுக்கு வெளியே புங்கமரத்து நிழலில் நாள் முழுவதும் சும்மாதான் நின்றது.

அந்த வாரக் கடைசியில் நீ இல்லை. டெங்கு என்றார்கள். மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது என்றார்கள். நான் வந்து உன்னை ஏற்றியிருந்தால் உன் கை பட்டதுமே சூடு தெரிந்திருக்கும். ஊருக்குப் போகாமல் நேராக ஓசூரிலேயே ஏதாவது ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருப்பேன். "அப்படித் திருப்பியிருந்தா பொழச்சிருப்பான்னு சொல்ல முடியாது" என்று என் கணவர் சொல்கிறார். முடியாதுதான். பொழச்சிருக்க மாட்டாய் என்றும் சொல்ல முடியாதே.

சில நேரம் உன் மேலேயே கோபம் வருகிறது. சொல்லாமல் இருந்தால் எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டவள்தானே நீ. காய்ச்சல் என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விசேஷத்தை விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேனா? அடுத்த நிமிஷமே அந்தக் கோபத்துக்காக வெட்கப்படுகிறேன். சொல்லியிருப்பாய். நான் ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

உன் சாவுக்குத்தான் முதல் முறையாக உன் ஊருக்கு அந்த வண்டியில் வந்தேன். அஞ்செட்டி தாண்டி, யானை கடக்கும் இடம் என்ற பலகைகளுக்கு நடுவே மேடு ஏறியது. நீ சொன்னது போலவே திணறாமல் ஏறியது. திணறியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உன் வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். உன்னைக் கொண்டுபோன பிறகு, யாரோ சொல்லி உன் அம்மா வெளியே வந்தார். வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்தார்.

"இதானா அந்தக் காரு? அவ சரி பண்ண காரு?"

தலையாட்டினேன்.

அதற்கப்புறம் சில மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். சொல்லாமல் அவர் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் முடியாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரிடம் கூடச் சரியாகச் சொல்லாமல், தனியாக ஓட்டிக்கொண்டு போனேன்.

உன் அம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பாம்மா, ஒளகே பா" என்று உள்ளே கூட்டிப்போனார். சுவரில் உன் படம். ஐ.டி.ஐ. நீலச் சட்டையில், சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொன்னதால் உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாய். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை நீ போன் செய்ததை, வண்டி கேட்டதை, இந்த வாரம் வேண்டாம் என்று நான் சொன்னதை. எதையும் குறைக்கவில்லை.

உன் அம்மா அழவில்லை.

"நீ வந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

"ஆமாம்மா."

அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் போலிருந்தது. எல்லோரும் என்மேல் தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி, நான் மூச்சுவிட முடியாமல் இருந்தேன். பிறகு அவர் கேட்டார். "ஜொரம்னு உங்கிட்ட சொல்லலையா அவ?"

"இல்லம்மா."

"எங்கிட்டயும் சொல்லல." குரல் அங்கேதான் உடைந்தது. "ராகி அறுக்க ஆளு கெடைக்கல. வந்தே ஆவணும்னு நான்தான் போன்ல கத்தனேன். போன மாசமும் வரல, உனக்கு அம்மா நெனப்பே இல்லன்னு சொன்னேன். அதுக்கோசரம்தான் ஜொரத்தோட வந்தா. வந்து இந்த வாசல் நெலவுல சாஞ்சி நின்னா. அப்பறம்தான் தொட்டுப் பாத்தேன். நெருப்பா கொதிக்குது."

வாயில் வந்ததைச் சொன்னேன். "அது உங்க தப்பு இல்லம்மா."

"அப்ப உன்னுதும் இல்ல" என்றார் உடனே.

நான் அவரை நம்பவில்லை. அவரும் என்னை நம்பவில்லை. அது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. பிறகு அவர் எழுந்து களி கிண்டி, அவரைக்காய்க் குழம்போடு என் முன்னால் வைத்து, "ஊட்டா மாடும்மா" என்றார். சாப்பிட்டேன். என் எதிரில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். உன்னைப் பற்றி அப்போதுதான் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூட நாளில் அப்பாவின் மொபெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் நீ அழுத கதையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

கிளம்பும்போது அஞ்செட்டி சந்தை வரைக்கும் வருகிறீர்களா என்று கேட்டேன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கேட்டார். போட்டுவிட்டேன். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டில் உட்கார்ந்து நீ அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அது எங்கள் இருவர் மனசிலும் ஓடியது.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இதையெல்லாம் நான் உனக்குச் செய்யும் பரிகாரம் என்று நினைத்துவிடாதே. அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இரண்டு மூன்று முறை போன பிறகு, பரிகாரம் என்று ஒன்று இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அந்த மேடு ஏறும்போதும், இது நீ கேட்ட பயணம், நீ இல்லாமல் போகிறேன் என்பதுதான் நெஞ்சில் முதலில் வந்து நிற்கிறது. உன் அம்மாவுக்கு நான் ஒரு ஆறுதலா, அல்லது நீ வராததை மாதாமாதம் ஞாபகப்படுத்த வருகிறவளா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கும் தைரியமும் இல்லை.

போன முறை வண்டி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு, பாப்பாவா?" என்று கேட்டார். உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான்தான்மா என்றேன். சரி, வா என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.